சும்மா இருந்த பிள்ளைகள்
கஷ்ட காலங்களில் கிழக்கிலங்கைச் சிறுவர் உழைப்பு பற்றிச் சில குறிப்புகள்

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வரலாறு பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றை எடுத்துப் பார்த்தால் குடிவழிகள், பள்ளிவாசல் மரைக்காயர்மார், வன்னிமைகள், போடிமார், சட்டசபைக்குச் சென்றவர்கள், பள்ளிக்கூடங்களைத் தொடக்கியவர்கள் என ஒரு வரிசையைக் காணலாம். வயலில் உழைத்தவன் அந்த வரிசையின் கடைசியில் வருவான். அவனுடைய மனைவி மிக அரிதாக வருவாள். அவர்களுடைய பத்து வயதுப் பிள்ளையோ எந்தப் பக்கத்திலும் வருவதில்லை. எனினும் அந்தப் பிள்ளையைக் கழித்துவிட்டுக் கணக்குப் பார்த்தால் ஒரு போக வெள்ளாமைகூட வீடு வந்து சேர்ந்திருக்காது என்பது எங்கள் பகுதியில் வளர்ந்த எவருக்கும் தெரிந்த சங்கதி.

கஷ்ட காலங்களில் இந்தப் பிள்ளைகள் எவ்வளவு வேலை செய்தார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதைப் பதிவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இரண்டு காலங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, இரண்டாம் உலகப் போரின் நடுவில் வந்த 1942 தொடக்கமான பஞ்சம். மற்றையது, 1973, 1974 ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதையும் வாட்டிய உணவுத் தட்டுப்பாடு. முதலாவது காலத்தில் என் உம்மாவுக்கு ஒன்பது வயது. இரண்டாவது காலத்தில் என் ராத்தாவுக்குப் பன்னிரண்டு வயது, எனக்குப் பத்து. அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வயலுமாகக் கிடக்கும் ஊர் எங்களுடையது. அங்கு கேட்டதையும் கண்டதையும் நாட்டின் பொதுவான வரலாற்றோடு பொருத்திப் பார்க்கிறேன்.

பர்மா அரிசி நின்றபோது

போருக்கு முன்னர் இலங்கை மக்கள் உண்ட அரிசியின் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்தே வந்தது. அதிலும் பர்மா அரிசியே கூடுதல். 1942 மார்ச் மாதத்தில் யப்பானியர் ரங்கூனைக் கைப்பற்றியதும் அந்த வழி அடைபட்டது. அடுத்த மாதமே, ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. அரிசிப் பங்கீடு வந்தது. கூப்பன் என்ற சொல் எங்கள் பேச்சில் புகுந்தது. அதுவரை எங்கள் பெண்கள் அவ்வளவாகக் கைபடாத கோதுமை மா, அரிசியின் இடத்துக்கு வந்தது. விவசாயிகளிடமிருந்து அரசாங்கம் கட்டாயமாக நெல் வாங்கியது. நெல் விளைவித்தவனின் வீட்டிலேயே நெல் குறைந்தது.

இந்த நெருக்கடியின்போதுதான் மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார்கள். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். உணவு உற்பத்தியைப் பெருக்குவது அவர் மீது சுமத்தப்பட்ட பொறுப்பு. காட்டு நிலங்களை வெட்டி வயலாக்குவதற்கு அவர் எடுத்த முயற்சிகளை முதியவர்கள் நன்றியோடு நினைவுகூருவர். அதே 1942இல் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தையும் அவர் தோற்றுவித்தார். அவரைப் பற்றி எழுதியோர் இவ்விரு பணிகளையும் அடுத்தடுத்துச் சொல்லிப் புகழ்வது வழக்கம். அவற்றுக்கிடையே ஓர் இழுபறி இருந்ததை நாம் கவனிப்பதில்லை. புதிதாக வெட்டிய வயலுக்குக் காவல் இருக்கவும் அதே பிள்ளைதான் தேவை, பள்ளிக்கூடத்து வாங்கில் இருக்கவும் அதே பிள்ளைதான் தேவை. ஒரு பிள்ளையை இரண்டு இடத்தில் வைக்க முடியாது. அந்த இழுபறியில் எது வென்றது என்பது ஒவ்வொரு வீட்டின் அடுப்பையும் பொறுத்திருந்தது.

என் உம்மாவின் வீட்டில் வயல் வென்றது. உம்மாவின் வாப்பாவுக்கு மலேரியாக் காய்ச்சல். 1934, 35இல் நாட்டையே உலுக்கிய மலேரியா எங்கள் பகுதிக்குப் புதிய நோயல்ல. உலர்வலயக் கிராமங்களில் அது ஆண்டுதோறும் வந்து போகும் விருந்தாளி. 1946க்குப் பின்னர் டீ.டீ.ரீ. தெளிக்கத் தொடங்கிய பிறகே அதன் பிடி தளர்ந்தது. ஆகவே 1942இல் ஒரு குடும்பத் தலைவன் காய்ச்சலில் விழுந்தால் வேலைக்கு நிற்பது பிள்ளைகள்தாம். பதினொரு வயதுக் காக்காவும் ஒன்பது வயது உம்மாவும் வயல் வாடியில் இருந்து கதிர் முற்றும் வரை குருவிக் காவல் பார்த்தார்கள். விடிவதற்கு முன் கிளியும் குருவியும் இறங்கும். அப்போதே தகரம் தட்டத் தொடங்க வேண்டும். பகல் உச்சியில் சற்று ஓயும். அந்த நேரத்தில் உம்மா வாய்க்கால் ஓரத்தில் பொன்னாங்காணியும் வல்லாரையும் பறிப்பாராம். அஸருக்குப் பிறகு மறுபடியும் தகரம். பெண்பிள்ளை வயலுக்குப் போவதா என்று ஊரில் எவரும் அன்று கேட்கவில்லை என்பதை உம்மா ஒரு சிரிப்போடு சொல்வார். "பசி வந்தா ஊர்வாய்க்கும் பூட்டு வரும் மகன்" என்பது அவருடைய வார்த்தை.

வெட்டு முடிந்ததும் கதிர் பொறுக்குதல். சூடு வைத்த பின் வயலில் சிந்திக் கிடக்கும் கதிர்கள் ஏழைகளுக்கு உரியவை என்பது எழுதாத சட்டம். விதவைகளும் சிறுமிகளும் பெட்டியோடு வரம்பில் காத்திருப்பார்கள். முல்லைக்காரன் கையசைத்த பின்தான் இறங்கலாம். நாள் முழுதும் குனிந்து பொறுக்கினால் ஒரு சிறு பெட்டி நிறையும். அதைக் காலால் மிதித்து, தூற்றி, உரலில் இட்டுக் குத்தினால் அன்றிரவுக் கஞ்சிக்கு ஆகும். பஞ்ச ஆண்டுகளில் பொறுக்குவோர் தொகை கூடியது. சிந்தவிடுவோர் கைகளோ இறுகின. பெரியவர்களுக்குள் சண்டை வரும் என்பதால் சின்னப் பிள்ளைகளையே முன்னால் இறக்கிவிடுவார்களாம். பிள்ளையை யாரும் அடித்து விரட்டமாட்டார்கள் என்ற கணக்கு அது.

நெல் விளையும் மாவட்டத்தில் பசி

1973இன் நெருக்கடிக்குக் காரணங்கள் பல. உலகச் சந்தையில் தானிய விலை உயர்ந்தது. அந்த ஆண்டின் இறுதியில் எண்ணெய் விலை பல மடங்காகியது. நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியிருந்தது. இரண்டு கொத்து அரிசி தருவோம் என்று வாக்குறுதி அளித்து 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம், பங்கீட்டைக் குறைக்க வேண்டிய நிலைக்கு வந்தது. இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மா, சீனி, பருப்பு, புடைவை எல்லாம் அருகின. உணவுக் கடைகளில் வாரத்தில் குறித்த நாட்களில் சோறு விற்கத் தடை விதிக்கப்பட்டது. நாட்டின் இறப்பு வீதம் 1973இல் ஆயிரத்துக்கு எட்டிலும் குறைவாக இருந்து 1974இல் ஒன்பதை அண்மித்தது. மலையகத் தோட்டங்களில் அதன் கொடுமை மிக அதிகம். ஒரு வீதம் ஒன்றால் உயர்ந்தது என்று புள்ளிவிபரம் சொல்லும். மையித்து வீடுகள் கூடின என்று எங்கள் ஊர் சொல்லும்.

நெல் விளையும் மாவட்டத்தில் எப்படிப் பசி வந்தது என்று இளைய தலைமுறையினர் கேட்பதுண்டு. கல்லோயாத் திட்டத்தின் நீர் பாயும் நிலம் அல்லவா! உண்மைதான். ஆனால் விளைந்த நெல் யாருடையது என்பது வேறு கேள்வி. குத்தகைக்குச் செய்தவன் குத்தகை நெல்லை அளந்தான். விதை நெல்லுக்கும் மாரிகாலச் சாப்பாட்டுக்கும் பட்ட கடனைக் களவெட்டியிலேயே அளந்தான். மிஞ்சியதை 1971ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட நெல் சந்தைப்படுத்தும் சபைக்கு விற்க வேண்டும். நெல்லையும் அரிசியையும் விரும்பியபடி ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கொண்டுபோக முடியாது. வீதியில் சோதனைச் சாவடி. புசலுக்கு 14 ரூபாவாக இருந்த உத்தரவாத விலை 1974 அளவில் 33 ரூபாவாக உயர்ந்தது. சொந்தமாகப் பல ஏக்கர் வைத்திருந்தவருக்கு அது நல்ல காலம். இரண்டு ஏக்கர் குத்தகைக்காரனுக்கு விற்க நெல் மிஞ்சவில்லை. மாசியில் அறுத்தவன் ஆடியில் வாங்கித் தின்றான்.

இந்த நிலையில் கூலி கொடுத்து ஆள் பிடிக்கக் குத்தகைக்காரனுக்கு வக்கில்லை. குருவிக் காவல், மாடு சாய்த்தல், வாடிக்குச் சோறு கொண்டுபோதல், களவெட்டியில் எருமைகளின் பின்னால் நடத்தல் என்று கூலிக்காரன் செய்யக்கூடிய ஒவ்வொன்றும் பிள்ளையின் தலையில் விழுந்தது. எங்கள் பகுதியில் விதைப்பு ஒக்டோபர், நவம்பரில். பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில். அந்த மாதங்களில் வகுப்பறைகள் பாதி காலியாக இருக்கும். ஆசிரியர்களுக்கும் அது தெரியும். பலர் தாமே வயற்காரர்கள் என்பதால் கண்டும் காணாமல் விடுவார்கள்.

ஆண்பிள்ளையின் ஒரு நாள்

1974ஆம் ஆண்டின் சாதாரணமான ஒரு நாளை எடுத்துக்கொள்கிறேன். அறுவடைக் காலமல்லாத, பள்ளிக்கூடம் உள்ள நாள்.

அதிகாலை மூன்றரை மணிக்கு உம்மா எழுப்பிவிடுவார். பாண் கியூ. பேக்கரியின் முன்னால் எனக்கு முன்னரே இருபது முப்பது பேர் இருப்பார்கள். அவர்களில் பாதிப்பேர் என் வயதுக்காரர். இடம் பிடிக்கக் கல்லும் சிரட்டையும் வைத்திருப்பார்கள். ஒருவருக்கு ஒரு பாண், சில நாளில் அரைப் பாண். அதனால்தான் பிள்ளைகளை அனுப்பினார்கள். வீட்டில் மூன்று பிள்ளைகள் போனால் மூன்று பங்கு. சுபஹுக்குப் பாங்கு சொல்லும்போது வீடு திரும்பி, முகம் கழுவி, ஓதப்பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே லெப்பையின் வீட்டுக்குத் தண்ணீர் அள்ளுவதும் கொள்ளி பிளப்பதும் ஓதலின் ஒரு பகுதி. வியாழக்கிழமைகளில் கொடுக்க வேண்டிய சதக்காசு இல்லாத பிள்ளைகள் இரண்டு குடம் கூடுதலாக அள்ளினார்கள். பிறகு பள்ளிக்கூடம். இடைவேளையில் கெயார் நிறுவனத்தின் பிஸ்கட் கிடைக்கும். அந்தப் பிஸ்கட்டுக்காகவே வந்த பிள்ளைகள் பலர். பாதியைத் தின்று பாதியைச் சட்டைப்பையில் வைத்து வீட்டிலிருக்கும் தம்பி தங்கைக்குக் கொண்டுபோவார்கள்.

பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டு மாடுகளை மேய்க்க வேண்டும், கொள்ளி பொறுக்க வேண்டும், மரவள்ளிப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கரைவலை வளைத்த நாட்களில் கடற்கரைக்கு ஓடுவோம். கயிறு இழுக்கக் கை கொடுத்தால் வலை கரைசேர்ந்ததும் ஒரு சிறங்கை சூடையோ நெத்தலியோ கிடைக்கும். பெரியவர்களுக்குப் பங்கு, சிறுவர்களுக்குச் சிறங்கை. கூட்டிப் பார்த்தால் பள்ளிக்கூடமும் ஓதலும் போக நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலத்துக்குக் குறையாத வேலை. அறுவடை நாட்களில் சூரியன் உதித்ததிலிருந்து மறையும் வரை.

இதற்கும் மேலே ஒரு வேலை இருந்தது. அரிசி கடத்துவது. வயலிலிருந்தோ உறவினர் ஊரிலிருந்தோ இரண்டு மூன்று கொத்து அரிசியைத் துணிப் பையில் கட்டி, புத்தகப் பையின் அடியில் வைத்து, பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். சாவடியில் பெரியவர்களைத்தான் இறக்கிச் சோதிப்பார்கள். தன் வீட்டுச் சோற்றைத் தானே களவாகக் கொண்டுவரும் பயத்தை எங்கள் தலைமுறை பத்து வயதிலேயே பழகிக்கொண்டது.

மருதமுனையின் நிலை சற்று வேறு. புடைவை இறக்குமதி குறைந்ததனால் கைத்தறிக்கு அந்த ஆண்டுகள் செழிப்பான காலம். தறிச் சத்தம் இரவிலும் ஓயாது. அங்கும் நெய்பவர் பெரியவர் என்றால் நூல் சுற்றிக் கொடுத்தது பிள்ளைகள். பஞ்சம் ஒரு ஊரில் பிள்ளையை வயலுக்கு இழுத்தது. செழிப்பு பக்கத்து ஊரில் பிள்ளையை ராட்டைக்கு இழுத்தது. எப்படியும் பிள்ளைக்கு ஓய்வில்லை.

சும்மா இருந்த ராத்தா

ஆண்பிள்ளைகளின் வேலையைப் பற்றிப் பேச எங்களில் பலர் தயங்குவதில்லை. பாண் கியூவும் மாடு மேய்த்ததும் இன்று ஒருவகைப் பெருமைக் கதைகள். பெண்பிள்ளைகளின் கதை அப்படி வெளியே வருவதில்லை. சில வருடங்களுக்கு முன்னர் இந்த விடயத்தை எழுத எண்ணி, ராத்தாவிடம் அந்தக் காலத்தில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன பதில்:

"நான் என்ன வேல செஞ்ச தம்பி? சும்மா ஊட்டுலதானே இருந்த."

விட்டுவிடாமல் ஒவ்வொன்றாகக் கேட்டேன். எத்தனை மணிக்கு எழும்புவீங்க? "சுபஹுக்கு முந்தி." எழும்பி? வளவு கூட்டுவது, அடுத்த வளவுக் கிணற்றிலிருந்து ஆறு குடம் தண்ணீர். பிறகு? நெல் அவித்துக் காயவைத்தது இருந்தால் குத்துவது. அரிசி ஆலைக்குக் கொடுக்கக் காசில்லாததால் உரலும் உலக்கையும் மீண்டும் வந்திருந்தன. உம்மா ஒரு உலக்கை, ராத்தா ஒரு உலக்கை. பிறகு கிழங்கு அவித்தல், சம்பல் அரைத்தல். ஒன்றரை வயதுத் தம்பியும் நான்கு வயதுத் தங்கையும் பகல் முழுதும் அவர் பொறுப்பு. உம்மா வயலுக்குச் சோறு கொண்டுபோகும் நாட்களில் சமையலும் அவரே. லுஹருக்குப் பிறகு பன் பாய் இழைத்தல். குளத்திலிருந்து பன் பிடுங்கி, காயவைத்து, சாயம் போட்டு, அஸர் வரையும் பிறகு இரவு விளக்கிலும் இழைப்பது. கோடையில் குளம் வற்றும்போது மற்றப் பெண்பிள்ளைகளோடு கொட்டிக்கிழங்கு கிண்டச் சேற்றில் இறங்குவது. அவர் இழைத்த பாய் சந்தைக்குப் போய் மண்ணெண்ணெயாகவும் செத்தல் மிளகாயாகவும் திரும்பி வந்தது. அந்த மண்ணெண்ணெய் விளக்கில்தான் நான் பாடம் படித்தேன்.

எல்லாவற்றையும் கூட்டினேன். நாளொன்றுக்குப் பதினொரு மணித்தியாலத்துக்கும் மேல். என்னுடையதன் இரண்டு மடங்கு. கணக்கைச் சொன்னபோது ராத்தா, "அதெல்லாம் வேலையா? ஊட்டு வேலதானே" என்றார். வேலை என்ற சொல்லுக்கு எங்கள் சமூகம் கொடுத்த பொருள் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. கதவுக்கு வெளியே நடந்தால் வேலை. கதவுக்கு உள்ளே நடந்தால் சும்மா.

ராத்தா 1973இல் ஆறாம் வகுப்போடு நின்றார். வகுப்பில் முதலாம் இரண்டாம் இடத்துக்கு வரும் பிள்ளை. நிறுத்தியபோது வீட்டில் பெரிய பேச்சு எதுவும் நடக்கவில்லை. மாமா ஒருவர் வந்து, "பொம்புளப் புள்ள படிச்சிக் கச்சேரிக்கா போகப்போறா?" என்று கேட்டார். வாப்பா பதில் சொல்லவில்லை. மறுநாள் நான் மட்டும் பள்ளிக்கூடம் போனேன்.

இடாப்புகள் சொல்வதும் சொல்லாததும்

நான் ஆசிரியனாகவும் பின்னர் அதிபராகவும் கடமையாற்றிய காலத்தில் பழைய சேர்வு இடாப்புகளைப் புரட்டும் வாய்ப்புக் கிடைத்தது. விலகிய காரணம் என்றொரு நிரல் அதில் உண்டு. எழுபதுகளின் பக்கங்களில் பெண்பிள்ளைகளின் பெயருக்கு நேரே "வீட்டுக் காரணம்" என்ற அதே சொல் திரும்பத் திரும்ப வரும். ஆண்பிள்ளைகளுக்கு அந்த இடம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். அவர்கள் விலகவில்லை, மெல்ல மெல்ல வராமல் போனார்கள்.

நமது பெண்கள் கல்வியில் பின்தங்கியது ஏன் என்ற கேள்விக்கு மார்க்கத்தைப் பற்றிய தவறான விளக்கம், பெரியபிள்ளையானால் வெளியே விடாத வழக்கம் என்ற இரண்டு பதில்களை ஆய்வாளர்கள் வழமையாகத் தருவார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அவை முழு உண்மையல்ல. ராத்தா நின்றது பெரியபிள்ளையாவதற்கு முன்னர். அவரோடு நின்ற மற்றப் பிள்ளைகளில் பலரும் அப்படியே. அதே தெருவில் சொந்த வயலும் கடையும் இருந்த வீட்டுப் பெண்பிள்ளைகள் பெரியபிள்ளையான பிறகும் குடை பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். அவர்களில் சிலர் ஆசிரியைகளானார்கள். வழக்கம் இரு வீட்டாருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. பசி ஒரு வீட்டில் மட்டும் இருந்தது. வீட்டுக் காரணம் என்று எழுதப்பட்ட இடத்தில் எழுதியிருக்க வேண்டிய சொல், பல வேளைகளில், அரிசி.

இதில் இன்னொரு முரண் உண்டு. எழுபதுகளின் அந்த ஆண்டுகளே முஸ்லிம் கல்வி விரிந்த ஆண்டுகளுமாகும். 1970 முதல் 1977 வரை கல்வி அமைச்சராக இருந்தவர் கலாநிதி பதியுதீன் மஹ்மூத். முஸ்லிம் பாடசாலைகள் பெருகின; முஸ்லிம் ஆசிரியர் நியமனங்கள் பெருகின. 1974இல் வந்த மாவட்டக் கோட்டா முறை அம்பாறை போன்ற பின்தங்கிய மாவட்டங்களின் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கதவைச் சற்றுத் திறந்தது. அந்த முறையால் யாழ்ப்பாணத்து மாணவர்கள் இழந்ததும், அதிலிருந்து பிறந்த மனக்கசப்பும் தனியே பேசப்பட வேண்டியவை. இங்கு நான் சொல்ல வருவது, கட்டடமும் ஆசிரியரும் வந்த அதே வேளையில் பிள்ளையை வீட்டில் பிடித்து வைத்தது அடுப்பு என்பதே. 1945இலிருந்து கல்வி இலவசம்தான். ஆனால் இலவசப் பாடநூல் 1980இலும் இலவசச் சீருடை 1993இலுமே வந்தன. அதற்கு முன் கொப்பியும் புத்தகமும் வெள்ளைச் சட்டையும் காசு. மூன்று பிள்ளைகளில் ஒருவருக்கே அது ஆகுமென்றால் யாருக்கு என்பதில் எந்த வீட்டிலும் வாக்கெடுப்பு நடக்கவில்லை.

சட்டம் என்ன செய்தது என்று கேட்கலாம். சிறுவரை வேலைக்கு அமர்த்துவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1956ஆம் ஆண்டிலிருந்தே இருந்தது. அது 14 வயதுக்குக் குறைந்தவரைப் பிறர் வேலைக்கு எடுப்பதைத் தடுத்தது. பெற்றோரோடு செய்யும் இலகுவான வயல் வேலைக்கு அதில் விதிவிலக்கும் இருந்தது. கட்டாயக் கல்விக்கான ஏற்பாடு 1939ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலேயே காணப்பட்டாலும் 5 முதல் 14 வயது வரை கட்டாயமாகப் பள்ளிக்கு வர வேண்டும் என்ற ஒழுங்குவிதி 1997இல்தான் ஆக்கப்பட்டது. அதாவது ராத்தா வீட்டில் நின்று ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்குப் பிறகு. வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 2021இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. எந்தச் சட்டமும் ஒரு மூத்த மகளின் உலக்கையை எண்ணவில்லை.

உதவியும் உழைப்பும்

சிறுவர் உழைப்பு என்று சொன்னாலே எமது பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். பிள்ளை உம்மா வாப்பாவுக்குக் கூடமாட ஒத்தாசை செய்வது நல்லொழுக்கம்; அதை வெள்ளைக்காரன் சொல்லால் ஏன் அழைக்கிறீர்கள் என்று என்னிடமே ஒருவர் கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் உண்டு. வாப்பாவோடு வயலுக்குப் போன பிள்ளை நீரையும் நிலத்தையும் அறிந்தது. எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குரியது. தங்கையின் வீட்டுக்குக் கல் சுமந்த தம்பிக்கும், தம்பியின் படிப்புக்குப் பாய் இழைத்த ராத்தாவுக்கும் இடையே ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது. அதில் அன்பும் இருந்தது.

ஆயினும் ஒரு எல்லை உண்டு. வேலை முடிந்ததும் பிள்ளை பள்ளிக்கூடம் போக முடிந்ததா? தான் உழைத்ததை அது தின்ன முடிந்ததா? இரவில் தன் உம்மாவின் பக்கத்தில் படுக்க முடிந்ததா? இந்த மூன்றுக்கும் ஆம் என்றால் அதை ஒத்தாசை எனலாம். இல்லையென்றால் சொல்லை மாற்ற வேண்டும். 1974இல் எங்கள் தெருவிலிருந்து பத்து வயதுச் சிறுவன் ஒருவன் போடியார் ஒருவரின் மாட்டுப் பட்டிக்கு விடப்பட்டான். ஆண்டுக்கு இத்தனை மரைக்கால் நெல்லும் இரண்டு சாரனும் என்பது பேச்சு. நெல் அவன் வாப்பாவுக்குப் போனது. ஒரு சிறுமி கொழும்பு வீடொன்றுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டாள். சோறும் உடுப்பும் கொடுத்து, கலியாணத்தையும் முடித்துத் தருவதாகச் சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். அவளுடைய உம்மா நோன்புப் பெருநாள்தோறும் பஸ் நிலையத்தில் போய் நின்றதை ஊர் கண்டது. இவர்களைக் கூடமாட ஒத்தாசை செய்த பிள்ளைகள் என்று நாம் எழுதினால் அது பொய்யான வரலாறு.

பஞ்சம் போன பிறகு

1977க்குப் பின் பொருளாதாரம் திறக்கப்பட்டது. பாண் கியூ மறைந்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளி மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளைத் தரைமட்டமாக்கியபோது பிள்ளைகள் மறுபடியும் ஓலை சுமந்தார்கள், கூரை வேய்ந்தார்கள். அதன் பின்னர் மத்திய கிழக்கு வேலை. உம்மாமார் பணிப்பெண்களாகப் போனார்கள். போன உம்மாவின் இடத்தில் யார் நின்றது? மூத்த மகள். ஓர் உலக்கையின் மறுமுனையைப் பிடித்திருந்த பிள்ளை இப்போது அடுப்பு முழுவதையும் பிடித்தது. தொண்ணூறுகளில் என் வகுப்புகளில் பிந்தி வந்த பெண்பிள்ளைகளிடம் காரணம் கேட்டால், "உம்மா சவூதியில சேர்" என்பதுதான் பதிலாக இருந்தது.

மூதூரைச் சேர்ந்த றிஸானா நபீக்கை நாம் மறந்துவிட முடியாது. விறகு வெட்டிப் பிழைத்த ஒரு தகப்பனின் மகள். 2005இல் வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டில் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டபோது அந்தப் பிள்ளைக்குப் பதினேழு வயது. பராமரிப்பில் விடப்பட்ட கைக்குழந்தை இறந்ததற்காகக் கொலைக் குற்றம் சுமத்தப்பட்டு, 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அப்போது நாம் அழுதோம், கவிதைகள் எழுதினோம், சட்டத்தைப் பற்றியும் ஷரீஆவைப் பற்றியும் விவாதித்தோம். அவளை அனுப்பியது எது என்ற கேள்வியில் நீண்ட நேரம் நிற்கவில்லை. குடும்பம் தின்பதற்காக மூத்த பெண்பிள்ளை தன்னைக் கொடுப்பது இயல்பு என்று நாங்கள் அறுபது எழுபது ஆண்டுகளாகப் பழகியிருந்தோம். கடவுச்சீட்டில் வயதை மாற்றியவன் அந்தப் பழக்கத்தின் மேல் ஏறி நின்றுதான் அதைச் செய்தான்.

2022இல் எரிபொருளும் எரிவாயுவும் இல்லாமல் நாடு மறுபடியும் வரிசையில் நின்றபோது பள்ளிக்கூடங்கள் வாரக்கணக்கில் மூடப்பட்டன. அதற்கு முதல் வருடம் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடையால் எங்கள் வட்டைகளில் விளைச்சல் சரிந்திருந்தது. பள்ளி திறந்தபோது திரும்பி வராத முகங்கள் சிலவற்றை நானே தேடிப் போனேன். ஆண்பிள்ளைகள் மேசன் வேலைக்குக் கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்பிள்ளைகளைப் பற்றிக் கேட்டபோது வாசலில் நின்ற உம்மாமார் சொன்னது: "அவ சும்மா ஊட்டுலதான் இரிக்கா சேர்."

1942இல் வயலுக்குக் காவலிருந்த தலைமுறையில் மிகச் சிலரே இன்று உயிரோடு இருக்கிறார்கள். என் உம்மாவும் மௌத்தாகிவிட்டார். 1973இன் பிள்ளைகள் அறுபதைத் தாண்டிவிட்டார்கள். இளம் எழுத்தாளர்களிடமும் பல்கலைக்கழக மாணவர்களிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் உட்காருங்கள். என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்காதீர்கள். சும்மா இருந்தோம் என்றுதான் சொல்வார்கள். எத்தனை மணிக்கு எழும்பினீர்கள், எத்தனை குடம் அள்ளினீர்கள், எத்தனையாம் வகுப்பில் நின்றீர்கள், அந்த வருடம் வீட்டில் எத்தனை மாதத்துக்கு நெல் இருந்தது என்று கேளுங்கள். சொல்வதைத் திகதியோடு எழுதுங்கள். பள்ளிக்கூட அலுமாரிகளில் கரையான் தின்னும் இடாப்புகளைப் படம் பிடித்து வையுங்கள். போடிமாரின் வரலாறு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. அவர்களுடைய களவெட்டியில் எருமைகளின் பின்னால் நடந்த பிள்ளைகளின் பெயர்களை எழுதும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது.